நம்ம டவரு, நம்ம கம்பெனி

இந்த மாதிரிப் பயிற்சிக் கூட்டங்களில் பேச வருகிற பழைய ஆட்கள் எல்லோரும் தாங்கள் ஜெயித்த கதையைத்தான் சொல்வார்கள். யாரும் சீண்டாத பங்கை வாங்கச் சொன்னோம், எது கவிழப் போகிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்தோம் என்று அளந்து விடுவார்கள். என்னிடமும் அப்படிச் சில கதைகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லி உங்கள் மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

நான் சொல்லப் போவது வேறு. இதில் நான் வாடிக்கையாளருக்குச் சொன்ன ஆலோசனை சரியானது. கம்பெனி சட்டத்தை மீறவில்லை. பங்கின் விலையும் ஏறத்தான் செய்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அப்படியிருந்தும் எல்லாம் பாழாய்ப் போனது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த நாளிலும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஈப்போவில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் நான் ரெமிசியராக இருந்தேன். சம்பளம் கிடையாது, வாடிக்கையாளர் வாங்கினால், விற்றால் கமிஷன். நீங்களும் அப்படித்தான் காலம் தள்ளப் போகிறீர்கள். செட்டிநாட்டுக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் நான் ஆச்சி. என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்து ஆட்கள் எங்கள் வட்டிக் கடை வாசலில் நின்று பேசிவிட்டுப் போனவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பங்கு வாங்கினார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் என்ன நினைத்து வாங்குகிறார்கள் என்பது எனக்குப் பாதிதான் விளங்கியது.

பெருமாள் அப்படி வந்தவர். ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பிறந்தது சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிவிட்டுப் பாமாயில் எடுக்கிற செம்பனை நட்டபோது பாதிப் பேர் ஈப்போவுக்கு வந்துவிட்டார்கள். மீதிப் பேர் தோட்டத்து ஓரத்தில் கட்டிக் கொடுத்த சின்ன வீடுகளில் தங்கிவிட்டார்கள். மாரியம்மன் கோயிலுக்கு மட்டும், நீண்ட இழுபறிக்குப் பிறகு, ஒரு துண்டு நிலம் பட்டாவோடு கிடைத்தது. அந்தக் கோயில் கமிட்டிக்குத் தலைவர் பெருமாள். வாரக் கடைசியானால் ஊருக்குப் போய்விடுவார். அங்கே அவருடைய அக்கா கமலா இருந்தார்.

கமலா அக்கா நடக்கத் தெரிந்த வயதிலிருந்து தோட்டத்தில் கிடந்தவர். பால் மரம் வெட்டிப் பிழைத்தவர். எனக்குத் தெரிந்தபோது அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தாப்பா டவுனுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அதை நிறுத்தினால் உயிர் நிற்காது. அந்தக் குடியிருப்பிலிருந்து தாப்பாவுக்குப் பஸ் கிடையாது, டாக்சிக்காரர் வரமாட்டார். அவரைப் போல இன்னும் சிலர் அங்கே இருந்தார்கள். அவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டது கோயில் வேன்.

அந்த வேன் ஓடியது ஒரு டவரால். கோயில் நிலத்தின் மூலையில் ஒரு தொலைத்தொடர்புக் கம்பெனி கைப்பேசி டவர் நட்டிருந்தது. அதற்குக் கோயிலுக்கு வாடகை வந்தது. அந்த வாடகையில்தான் வேனுக்கு எண்ணெயும் டிரைவருக்குக் கூலியும். டவர் இருக்கும்வரை வேன் ஓடும், வேன் ஓடும்வரை கமலா அக்கா தன் வீட்டிலேயே இருக்கலாம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சமெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஊரிலிருந்து திரும்பியதும், பெருமாள் தன் பழைய தோட்டத்துச் சகாக்களோடு ஈப்போவில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவார். சாப்பிட்டு முடித்து, இலையை மடித்த பிறகு பேச்சு பங்குக்குத் திரும்பும். என்னையும் கூப்பிடுவார்கள். பேச்சை நடத்துவது ரவி. சிம்பாங் பூலாய் கல்லுடைக்கும் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்த இளைஞன். கம்பெனி அறிக்கை, யாரோ எழுதிய வதந்தி, எதையும் விடாமல் படித்து வாட்ஸாப்பில் தள்ளிவிடுவான். அவன் அனுப்புவதைப் படித்தே எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டி வந்தது.

ஒரு வருஷம் முழுக்க அந்த மேசையில் பேச்செல்லாம் அந்த டவர் கம்பெனியைப் பற்றியும் கோ-லொகேஷனைப் பற்றியும்தான். உங்களுக்குத் தெரியும்: ஒரு கம்பெனி தன் டவரிலும் அதன் கீழே இருக்கும் கருவி அறையிலும் மற்றக் கம்பெனிகளின் கருவிகளை வைக்க இடம் கொடுத்து வாடகை வாங்குவது. அந்த மேசையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே லயத்து வீட்டில் இரண்டு குடும்பம் இருந்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

"ஒரு டவரு, மூணு கம்பெனி. செலவு ஒரு தடவ, வாடக மூணு தடவ. இதுக்கு மேல என்னண்ணே வேணும்?" என்பான் ரவி.

கோயில் ஒப்பந்தத்திலும் ஒரு வாசகம் இருந்தது. வேறு கம்பெனியின் கருவி டவரில் ஏறினால் கோயிலுக்கு வாடகை கொஞ்சம் கூடும். அதனால் பெருமாள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, டவர் வேலியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், புதுப் பெட்டி ஏதாவது வந்திருக்கிறதா என்று. கோயிலைச் சுற்றியதைவிட டவரைச் சுற்றியதுதான் அதிகம் என்று அவர் சகாக்களே அவரைக் கேலி செய்வார்கள்.

நான் என் கருத்தைச் சொன்னேன். கம்பெனி சின்னது, கடன் இருக்கிறது, மற்றவர்கள் வந்து இடம் கேட்பார்கள் என்பது ஆசைதானே தவிர உறுதியில்லை, இருப்பதையெல்லாம் இதில் போடாதீர்கள் என்றேன். கேட்டுக்கொண்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினார்கள். கமலா அக்கா பெயரிலும் பெருமாள் கொஞ்சம் வாங்கினார். இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இரண்டு விஷயம் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தன. பங்கை நிறுவனத்தின் பொதுக் கணக்கில் வைத்தால் செலவு குறையும் என்றேன். வேண்டாம், எங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும், கம்பெனிப் பதிவேட்டில் எங்கள் பெயர் தெரிய வேண்டும் என்று பெருமாள் பிடிவாதமாகச் சொன்னார். அடுத்தது, இந்தப் பங்கு கையில் இருந்தால் கோலாலம்பூரில் நடக்கிற பங்குதாரர் பொதுக்கூட்டத்துக்குப் போகலாமா, பேசலாமா என்று கேட்டார். நம்மூரில் பொதுக்கூட்டத்துக்குப் போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் கொடுக்கிற பை. உள்ளே பன், தண்ணீர் போத்தல், கடையில் கொடுத்துச் சாமான் வாங்க ஒரு பற்றுச்சீட்டு. "பைக்கு இப்பவே ஆசையா பெருமாள்?" என்று சீண்டினேன். அவரும் சிரித்தார்.

ஒருநாள் காலை, சந்தை திறந்த கையோடு, அந்தக் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. வேறு இரண்டு தொலைத்தொடர்புக் கம்பெனிகளோடு கோ-லொகேஷன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. விலை எகிறியது. என் மேசையில் இருந்த தொலைபேசியும் கைப்பேசியும் ஒன்றாக அடித்தன. தொலைபேசியில் என்னுடைய பெரிய வாடிக்கையாளர், உடனே வாங்கு என்றார். கைப்பேசியில் ரவி. அவனும் வாங்கத்தான் கூப்பிட்டான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். விலை ஓடும்போது நம் கையும் கூடவே ஓடும். அறிவிப்பின் தலைப்பைப் படித்திருப்போம், முதல் பத்தியைப் படித்திருப்போம், அதோடு சரி. நான் இருவரையும் காத்திருக்கச் சொல்லிவிட்டு அறிவிப்பை முழுவதும் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது விஷயம். ஒரே வட்டாரத்தில் மூன்று கம்பெனிகளுக்கும் தனித்தனியே டவர்கள் இருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோருடைய கருவிகளையும் அதில் ஏற்றுவார்கள். மற்ற டவர்களைக் கழற்றிவிடுவார்கள். நிலத்து வாடகை மிச்சம். சந்தை குதித்தது அதற்காகத்தான்.

கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை பெருமாள் என்னை அழைத்திருந்தார். போகிற வழியில், பாமாயில் மில்லுக்குப் பக்கத்தில், வேறொரு கம்பெனியின் டவரைப் பார்த்திருக்கிறேன். கோயில் டவரைவிட உயரம். பெரிய சாலை ஓரம். எது நிற்கும், எது போகும் என்று சொல்ல எனக்கு இரண்டாவது யோசனை தேவைப்படவில்லை.

அந்த மாதிரி நேரத்தில் யாரை முதலில் கூப்பிடுவது? நம் தொழிலில் பதில் சுலபம், கமிஷன் பெரியது எங்கே இருக்கிறதோ அங்கே. நான் பெருமாளைக் கூப்பிட்டேன். அடிபடப் போகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நியாயம் தோன்றவில்லை. காத்திருந்த பெரிய வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாளில் வேறொரு ரெமிசியரிடம் போய்விட்டார். அவர் போனதில் வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த முறையும் அப்படித்தான் செய்வேன்.

பெருமாள் வேலையில் இருந்தார். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் சத்தம் கேட்டது. அவருக்குச் செய்தி போய்விட்டிருந்தது.

"கோ-லொகேஷன் வந்துருச்சாம்ல ஆச்சி? ரவி மெசேஜ் போட்டான்."

"வந்துருச்சு. ஆனா உங்க டவருக்கு ஆளுங்க வர்ற மாதிரி தெரியல பெருமாள். உங்க டவர்ல இருக்குறத கழட்டி மில்லு டவர்ல வைக்கப் போற மாதிரிதான் தெரியுது."

யாரோ மலாயில் அவரை வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்தினார்கள். அவர் வண்டியை நகர்த்திவிட்டுத் திரும்பி வந்தார். பதற்றமே இல்லாமல், எனக்கு ஆறுதல் சொல்வதைப் போலச் சொன்னார்:

"நம்ம டவர எடுக்க மாட்டாங்க ஆச்சி. நாங்க பங்குதாரர்லா. எங்கள கேக்காம எப்படி எடுப்பாங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் லாபத்துக்காக அந்தப் பங்கை வாங்கவே இல்லை. ரவி வாங்கினான், மற்றவர்கள் வாங்கினார்கள், லாபத்துக்கு. பெருமாள் வாங்கியது டவரைக் காப்பாற்றிக்கொள்ள. பதிவேட்டில் பெயர் வேண்டும் என்றதும், பொதுக்கூட்டத்தில் பேசலாமா என்றதும் அதற்குத்தான். தோட்டத்தை விற்றபோது அவர் குடும்பத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரணம், அவர்கள் கூலிகள், முதலாளிகள் இல்லை. இந்த முறை முதலாளியாகவே இருந்துவிடுவோம் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவருக்கு மட்டும்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பங்கு வைத்திருப்பது என்றால் என்ன, ஓட்டு எப்படிப் போகும், டவரை எடுப்பதற்கும் வைப்பதற்கும் பங்குதாரரைக் கேட்க மாட்டார்கள் என்று. அவர் கடைசிவரை கேட்டார்.

"ஒரு பங்கு வச்சிருந்தாலும் நாம தவுக்கேன்னு நீங்க குடுத்த பேப்பர்லயே போட்டிருந்துச்சே ஆச்சி."

தவுக்கே என்றால் முதலாளி. அவர் சொன்னது உண்மை. புது வாடிக்கையாளர்களுக்கு நாம் கொடுக்கிற விளம்பரத் தாளில் அதுதான் முதல் வரி: பங்கு வாங்குங்கள், கம்பெனியின் உரிமையாளர் ஆகுங்கள். உங்கள் பயிற்சியிலும் அந்த வரியைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாதி ஜனம் அதை ஒரு அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொள்ளும். ஒருவர் அதை எழுத்துக்கு எழுத்து நம்பினார். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ரவியை மறுபடி கூப்பிட்டு இரண்டாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தான். ஊர் டவரைப் பற்றி அவனுக்கும் புரிந்தது. ஆனாலும், "ஏறுதுல்ல ஆச்சி, போடுங்க" என்றான். போட்டேன். வாடிக்கையாளர் சொன்னால் போட வேண்டியது என் வேலை. சில வாரங்களில் அவன் பெரும்பகுதியை நல்ல விலைக்கு விற்றான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு அவன் வருவது குறைந்துபோனது. வந்தாலும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான்.

கோயில் கமிட்டிக்குக் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தில் இருக்கிறபடி முன்னறிவிப்பு கொடுத்து டவரை அகற்றப் போகிறார்கள். பெருமாள் அதற்குப் பதில் எழுதவில்லை. பொதுக்கூட்டம் வரட்டும் என்றார். கடிதம் வந்தது குத்தகை கொடுத்தவனுக்கு, நான் போகப் போவது பங்குதாரனாக என்றார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

கூட்டத்துக்குக் கோயில் வேனிலேயே போனோம். ரவி தன்னிடம் மிச்சம் வைத்திருந்த கொஞ்சப் பங்குக்கு என்னைப் பிரதிநிதியாகப் போட்டிருந்தான், அதனால் நானும். கமலா அக்காவுக்கு அன்று டயாலிசிஸ் இல்லை. பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கல்யாணத்துக்குக் கிளம்பியவரைப் போல வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். வழியெல்லாம் அவருக்குத் தாகம். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பதால் போத்தல் மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டார்.

கூட்டம் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில். வாசலில் பெயரைச் சரிபார்த்தார்கள். பட்டியலில் தன் பெயர் இருந்ததைப் பெருமாள் குனிந்து நன்றாகப் பார்த்தார். பையை நீட்டினார்கள். கூட்டம் முடிந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதற்குள் தீர்ந்துவிடும் என்றதும் வாங்கிக்கொண்டார். கையில் அந்தப் பையோடு எப்படி எழுந்து பேசுவது என்று என்னைக் கேட்டார். கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

கேள்வி நேரத்தில் அவரிடம் மைக் வந்தது. மலாயில் பேசினார். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. முதல் வார்த்தையே, நான் இந்தக் கம்பெனியின் பங்குதாரர் என்பதுதான். பிறகுதான் டவர், கோயில், வேன், தாப்பாவுக்குப் போகிற நோயாளிகள். கடைசியில், பங்குதாரன் என்ற முறையில் அந்த ஒரு டவரை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உத்தரவு போடுகிற குரலிலும் இல்லை, கெஞ்சுகிற குரலிலும் இல்லை. என் இத்தனை வருஷத் தொழிலில் ஒரு பங்குதாரர் பேசி நான் கேட்டதில் அதுதான் ஒழுங்கான பேச்சு.

தலைவர் மரியாதையாகப் பதில் சொன்னார். பேராக் மாநிலத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்றார். தனித்தனி டவர்களைப் பற்றி நிர்வாகம்தான் முடிவு செய்யும், கூட்டம் முடிந்ததும் ஒரு அதிகாரி உங்களைச் சந்திப்பார் என்றார். கூட்டம் கைதட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு ஓட்டெடுப்பு நடந்தது. திரையில் முடிவு வந்தது. எல்லாத் தீர்மானங்களும் ஏறக்குறைய எல்லா ஓட்டுகளோடும் நிறைவேறியிருந்தன.

"எங்க ஓட்டையும் எண்ணுனாங்களா ஆச்சி?"

"எண்ணுனாங்க பெருமாள்."

அவர் தலையை ஆட்டினார். எண்ணாமல் விட்டிருந்தால்கூட அவருக்குச் சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

வெளியே அதிகாரி காத்திருந்தார். இளம்பெண், நல்ல பெண். டவரின் இலக்கத்தைத் தன் கணினியில் தட்டிப் பார்த்தார். அகற்றுகிற பட்டியல் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, மில்லுப் பக்கத்து டவர் உயரம், அதை மாற்ற முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, மன்னிக்க வேண்டும் என்றார். பெருமாள் அவருக்கு நன்றி சொன்னார்.

திரும்பி வரும்போது நான் முன்னால் குனிந்து பெருமாளிடம் சொன்னேன், விலை இன்னும் மேலேதான் இருக்கிறது, நாளைக்கே விற்றுவிடுங்கள், வாடகை நின்றாலும் அந்தப் பணத்தில் வேன் கொஞ்ச மாதம் ஓடும் என்று. தொழில்காரியாக நான் சொன்னதில் தவறே இல்லை. அவர் கண்ணாடி வழியாகச் செம்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னது கமலா அக்கா.

"தோட்டத்த வித்தப்ப நம்மள யாரும் ஒரு வார்த்த கேக்கல. இன்னிக்கி மைக்க குடுத்து, நீ பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டாங்கல்ல. அது போதும் தம்பி. வித்துட்டு வேனுக்கு எண்ண ஊத்து."

"விக்க மாட்டேன்க்கா" என்றார் பெருமாள். "வித்துட்டா மறுபடியும் கூலிதான்."

பைகளில் இருந்த பன்னைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தேன். கமலா அக்கா அதில் இருந்த திராட்சையைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார். அவர் சாப்பிடக் கூடாதவை நிறைய இருந்தன.

இங்கே நீங்கள் என்னைக் கேட்கலாம், இன்னும் அழுத்திச் சொல்லி விற்க வைத்திருக்கலாமே என்று. வாடிக்கையாளருக்கு எது நல்லது என்று நமக்குத் தெரியும், ஆனால் அவர் எதை விற்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். கணக்கில் அது ஒரு சின்னக் கம்பெனியின் கொஞ்சப் பங்கு. அவருக்கு அது மூன்று தலைமுறையில் முதல்முறையாகக் கிடைத்த ஒரு இருக்கை. அதிலிருந்து எழுந்திரு என்று நானும் சொல்ல வேண்டுமா? இதற்குப் பதில் இருப்பதாகச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கிரேன் வந்து டவரைக் கழற்றிக்கொண்டு போனது. ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கும் சிமெண்ட் மேடை மட்டும் நின்றது. மில்லு டவரிலிருந்து வருகிற அலைவரிசை குடியிருப்புக்குச் சரியாக எட்டவில்லை. போன் பேச வேண்டுமென்றால் அந்தச் சிமெண்ட் மேடையில் ஏறி நின்று பேச வேண்டும், அங்கேதான் கொஞ்சம் லைன் கிடைக்கும் என்றார் பெருமாள். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

வேன் இன்னும் சில மாதங்கள் ஓடியது. ரவி தன் லாபத்திலிருந்து கணிசமாகக் கொண்டுவந்து கோயில் உண்டியலில் போட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். கமிட்டிக்காரர்கள் மந்திரிகளின் ஆட்களைப் பார்த்தார்கள், மனு கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். வேன் நின்றது. மற்ற நோயாளிகள் பிள்ளைகள் வீட்டுக்குப் பிரிந்து போனார்கள். கமலா அக்காவைப் பெருமாள் ஜெலாப்பாங்கில் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஈப்போவில் டயாலிசிஸுக்கு ஒழுங்காகத்தான் போனார். ஆனால் அந்த வீட்டில் அவருக்குக் கால் வைக்க மண் இல்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீழே போகிற லோரிகளைப் பார்த்தபடி இருப்பார். நான் போய்ப் பார்த்தபோது, என்னை எப்போது வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவீர்கள் என்று என்னிடமே கேட்டார். அந்த வருஷ மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். ஊருக்குக் கொண்டுபோய்த்தான் எரித்தார்கள். அதே கோயில் வேனில், யாரோ அன்றைக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்ததால்.

நான் உங்களுக்குச் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். அறிவிப்பு வந்தால் கடைசி வரிவரை படியுங்கள். அடிபடப் போகிறவரை முதலில் கூப்பிடுங்கள். ஒருவர் பங்கு வாங்க வந்தால் எத்தனை, என்ன விலை என்று கேட்பதோடு நிறுத்தாமல், இது உங்களுக்கு என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பெருமாளை நான் முதல் நாளே கேட்டிருந்தாலும் டவர் போயிருக்கும், வேன் நின்றிருக்கும். ஆனால் ஹோட்டல் வாசலில் தன் பெயரைக் குனிந்து பார்த்த அந்த முகத்தை நான் பார்க்க வேண்டி வந்திருக்காது.

நான் ஓய்வு பெற்ற பிறகும் பெருமாள் அவ்வப்போது கூப்பிடுவார். போன வருஷம் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். ஊரில் இருந்தார், காற்றுச் சத்தம் கேட்டது. குரல் விட்டு விட்டு வந்தது. அந்த மேடையில் ஏறி நிற்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

"டிவிடென்ட் வந்துருக்கு ஆச்சி. அக்கா பேருக்கும் தபால் வந்துருக்கு."

நல்லது என்றேன். அக்கா பங்கைப் பெயர் மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

"அதுல போட்டுருக்கு. டவர் நிலத்து வாடக மிச்சமானதால இந்த வருஷம் லாபம் கூடியிருக்காம், அதான் பங்குதாரருக்கெல்லாம் குடுக்குறாங்களாம்."

அவரே தொடர்ந்தார்.

"அப்ப இது நம்ம வாடகதான ஆச்சி? வேன் ஓட்டுன காசுதான?"

"ஆமா பெருமாள்" என்றேன்.

காற்றுச் சத்தமும் நின்றுவிட்டது. லைன் விட்டுப் போனதா, அவரே வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை.